தெம்பு எங்கிருந்து வரும்? உடும்பன்சோலையிலிருந்து வந்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்து இடுக்கி மலையில், உடும்பன்சோலைப் பக்கம் இரண்டு தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். உங்களுக்கு வயது 36. 2019-ல் ஏலக்காய் விலை வானத்தில் இருந்தபோது மூன்று ஏக்கரைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தீர்கள். செடி காய்க்கத் தொடங்கிய நேரத்தில் விலை சரிந்தது. நடுவில் அப்பா தவறினார். எப்படியோ சமாளித்து நிமிர்ந்தபோது 2024 கோடையில் செடி காய்ந்தது. "விடாதே, எழுந்து வா என்று எல்லாரும் சொல்கிறார்கள். பெட்டிமுடி மண்சரிவில் குடும்பத்தையே பறிகொடுத்தவர்கள் வேலைக்குப் போகிறார்கள், உனக்கென்ன கேடு என்கிறார் மாமா. அந்தத் தெம்பு எனக்கு மட்டும் ஏன் இல்லை? அதை எப்படி வளர்த்துக்கொள்வது?" இதுதான் கேள்வி. கூடவே, போகிற போக்கில் சொல்வது போல இரண்டு வரி. சில நாள் காலையில் கண் விழிக்காமலே போயிருக்கலாம் என்று தோன்றுகிறது. மனைவியின் நகை அடகில் மூழ்கப்போகிறது, அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்டிருப்பது தெம்பைப் பற்றி. ஆனால் உள்ளே மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன: தோட்டத்தைத் தொடர்வதா விடுவதா, நான் பலவீனமான ஆளா, நாளைக் காலை எப்படி எழுந்திருப்பது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் பதில் கிடைக்காது, அலுப்புதான் மிஞ்சும். நான் மனநல சமூகப் பணியாளர். பெங்களூரில் படித்துவிட்டுக் கம்பம், குமுளி என்று மலைக்கு இரண்டு பக்கமும் பல வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். டாக்டர் இல்லை, மாத்திரை எழுதித் தர மாட்டேன். ஒரு கடிதத்தை வைத்து உங்களுக்கு இன்ன நோய் என்று சொல்லவும் மாட்டேன். யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கண் விழிக்காமல் போயிருக்கலாம் என்ற அந்த வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றது எல்லாம் ஒரு வாரம் பொறுக்கும். கடனிலும் துக்கத்திலும் இருப்பவர்கள் பலர் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், அதற்காக நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அலட்சியமாகவும் விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணம் அடிக்கடி வருகிறது, எப்படி என்று யோசிக்கும் அளவுக்குப் போகிறது என்றால் அன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். கேரளத்துக்குள் திசா என்ற அரசு உதவி எண் 1056-ம் உண்டு. அப்புறம் ஒரு காரியம். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்து வீட்டிலோ திண்ணையிலோ இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோரில் வைத்துப் பூட்டச் சொல்லி, சாவி அவர்களிடமே இருக்கட்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்வது இல்லை. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த இலங்கையில் 1995-க்குப் பிறகான இருபது வருடத்தில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. அங்கே மக்களின் கஷ்டம் அந்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை, போரும் நடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இல்லாததால் கெட்ட நேரம் கடந்து போனது, அவ்வளவுதான்.

சரி, தெம்புக்கு வருவோம். நீங்கள் அதை ஒரு குணம் என்று நினைக்கிறீர்கள், சிலருக்குப் பிறவியிலேயே இருக்கும், உங்களுக்கு இல்லை என்று. இந்தத் துறையில் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயம் இருக்கிறது என்றால், அது அப்படி இல்லை என்பதுதான். ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்று ஒரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் தன் குழுவோடு பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமை, குடி, சண்டை என்று எல்லாம் கலந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில்கூட மூன்றில் ஒரு பங்கு பேர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட விஷயங்களில் முக்கியமானது, தன்னை விட்டுக்கொடுக்காத ஒரு மனிதராவது பக்கத்தில் இருந்தது. பாட்டி, சித்தி, வாத்தியார், யாரோ ஒருவர். ஆன் மாஸ்டன் என்பவர் 2001-ல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, மீண்டெழுவது அபூர்வமான சக்தி ஒன்றும் இல்லை, உறவு, யோசிக்கும் திறன், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வது மாதிரி சாதாரண விஷயங்கள் ஒழுங்காக இயங்கினால் தானாக நடப்பது என்ற முடிவுக்கு வந்தார். என் அனுபவமும் அதுவே. தெம்பாக இருக்கிறார் என்று ஊர் சொல்லும் ஆளின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், வட்டி இல்லாமல் கைமாற்றுத் தரும் மச்சான் ஒருவர் இருப்பார்.

பெரிய இழப்புக்குப் பிறகு எத்தனை பேர் தாமாகத் தேறுகிறார்கள் என்பதில் மட்டும் சண்டை இருக்கிறது. ஜார்ஜ் பொனானோ என்பவர், பெரும்பாலோர் பெரிய பாதிப்பு இல்லாமலே நடமாடுகிறார்கள் என்று 2004-லிருந்து சொல்லிவருகிறார். 2016-ல் இன்ஃபர்னா, லூதர் என்ற இருவர், கணக்குப் போடும் முறையைச் சற்று மாற்றினாலே அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைகிறது, பலருக்கு வருடக்கணக்கில் ஆகிறது என்று காட்டினார்கள். அதனால் "எல்லாரும் ஆறு மாதத்தில் தேறிவிடுவார்கள், நீ மட்டும்தான்" என்று யாராவது சொன்னால் அதற்கு ஆதாரம் கிடையாது.

மாமா சொன்ன பெட்டிமுடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே ராஜமலைப் பக்கம் தேயிலைத் தொழிலாளர்களின் லயங்கள் என்ற வரிசை வீடுகள் மீது மண் சரிந்து 70 பேர் போனார்கள். ஏறக்குறைய எல்லாருமே நம் தமிழ் ஆட்கள். மிஞ்சியவர்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பது உண்மைதான். போகாவிட்டால் அடுப்பு எரியாது. கொழுந்து கிள்ளப் போகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று உங்கள் மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னொருவர் துக்கத்தைத் தராசில் வைத்து உங்கள் துக்கத்தை எடை போடுவதால் ஒருவருக்கும் ஒரு லாபமும் இல்லை. மாமா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சொல்லியிருப்பார்.

இப்போது "ஏன் எழுந்திருக்கவே முடியவில்லை" என்ற கேள்வி. 1967-ல் செலிக்மனும் மையரும் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் தப்ப முடியாதபடி மின் அதிர்ச்சி கொடுக்கப்பட்ட நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் அப்படியே படுத்துக்கிடந்தன. அவை கையாலாகாமையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அப்போது விளக்கம் சொன்னார்கள், உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் வந்தது. அந்த இருவரே ஐம்பது வருடம் கழித்து, 2016-ல், நாங்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டுவிட்டோம் என்று எழுதினார்கள். நீண்ட காலம் அடிபட்டால் ஒடுங்கிப் படுப்பது மூளையின் இயல்பான வேலை, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்க வேண்டியது, "நான் செய்தால் ஏதோ நடக்கிறது" என்பதைத்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப்பகுதி அதை உணர்ந்தால் அந்த ஒடுக்கத்தைத் தணிக்கிறது. இது பெரும்பாலும் விலங்குகளில் கண்டது, மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நான் வேலை செய்யும் முறைக்கு அடிப்படை இதுதான். 2019-லிருந்து உங்களுக்கு நடந்ததைப் பாருங்கள். அந்த ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது, அது உங்கள் கையில் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் சராசரி விலை ஆயிரத்துக்குக் கீழே வந்தது, அதுவும் உங்கள் கையில் இல்லை. அப்பாவின் சாவு, வெயில், எதுவுமே இல்லை. மருந்தடித்தீர்கள், உரம் போட்டீர்கள், தண்ணீர் விலைக்கு வாங்கி ஊற்றினீர்கள், முடிவு மாறவில்லை. இவ்வளவுக்குப் பிறகு உடம்பு படுத்துக்கொள்கிறது என்றால் அது சோம்பேறித்தனமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை.

பணக் கவலைக்குத் தனியாக ஒரு பங்கு உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாதபோது வைத்த புத்திக்கூர்மைச் சோதனையில், அறுவடைக்குப் பின் வைத்ததைவிட அதே ஆட்களே மோசமாகச் செய்தார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சில ஆய்வுகளில் முடிவு இவ்வளவு தெளிவாக வரவில்லை, அதனால் இதை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. இருந்தாலும் கடன்காரர் போன் அடித்துக்கொண்டிருக்கும்போது எடுத்த முடிவுகளை வைத்து "நான் முட்டாள்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள்.

செய்ய வேண்டியது என்ன? மனசு சரியான பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள். வரிசை நேர்மாறானது, கை முதலில் போக வேண்டும், மனசு பின்னால் வரும். இதற்கு நல்ல ஆதாரம் நம் நாட்டிலேயே இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வில் இருந்த ஏறக்குறைய 500 பேரை வைத்து விக்ரம் பட்டேலின் குழு நடத்திய ஆய்வு 2017-ல் வெளியானது. மனநல டாக்டர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண ஊர்க்காரர்கள்தான் ஆறிலிருந்து எட்டு முறை உட்கார்ந்து பேசினார்கள். பேச்சின் மையம், நின்றுபோன அன்றாட வேலைகளைச் சிறிது சிறிதாக மறுபடி தொடங்க வைப்பது. நல்ல பலன் கிடைத்தது. "சிறிது" என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மூன்று ஏக்கரையும் களையெடுப்பேன் என்று திங்கட்கிழமை கிளம்பினால் செவ்வாய்க்கிழமை படுத்துவிடுவீர்கள். பாரமாகத் தோன்றாத ஒன்று, முடிந்தது என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்று, விலையோ மழையோ கெடுக்க முடியாத ஒன்று, தினமும் அதே நேரத்தில்.

ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கம்பத்திலிருந்து மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியவர். தவணை கட்டாமல் பைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிப் போய்விட்டார்கள். வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முதலில் அவருக்குக் கொடுத்த வேலை, மகளைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டு வருவது, அவ்வளவுதான். அதற்கே சண்டை. தெருவில் யாரைப் பார்த்தாலும் "வண்டி எங்கே" என்பார்களே என்று. அதற்கும் ஒரு பதிலை ஒத்திகை பார்த்தோம்: "இல்லண்ணே, பைனான்ஸ்ல எடுத்துட்டாங்க." சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்க வேண்டும், நிற்கக் கூடாது. அது பழகிய பிறகு ஒருநாள் கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் கடனையெல்லாம் எழுதச் சொன்னேன், ஒரு தாளுக்கு ஒரு கடன். அவர் எழுதினார். அந்தம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, இன்னும் இரண்டு தாளை எடுத்து எழுதினார். மகளிர் குழுவில் ஒன்று, தம்பியிடம் ஒன்று, கணவருக்குத் தெரியாமல் வாங்கியது. மொத்தத் தொகை கூடிவிட்டது. ஆனாலும் அன்று இரவுதான் நன்றாகத் தூங்கினேன் என்று அடுத்த முறை வந்தபோது கணவர் சொன்னார். தாள்களை யார் அதிகம் நெருக்குகிறார், எதற்கு வட்டி அதிகம் என்று அடுக்கினார்கள். பேச்சு முடிவதற்குள் "இந்த ஆளிடம் நீ பேசு, அவரிடம் நான் பேசுகிறேன்" என்று பிரித்துக்கொண்டார்கள்.

இப்போது தோட்டம். ஏலக்காய்த் தோட்டத்துக் கணக்கு என் துறை இல்லை, அதனால் தொடருங்கள் என்றோ விடுங்கள் என்றோ சொல்ல மாட்டேன். ஆனால் "விடாதே" என்ற அறிவுரையைப் பற்றிச் சொல்லலாம். விடாமுயற்சிதான் வெற்றிக்குக் காரணம் என்று கொஞ்ச வருடம் முன்னால் பெரிதாகப் பேசப்பட்டது. 2017-ல் அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், சொன்ன அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை என்று கண்டார்கள். எட்டாது என்று தெரிந்த இலக்கைக் கைவிட்டு வேறொன்றைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் மனதளவில் நன்றாகவே இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ராஷ் என்பவரின் ஆய்வுகள் காட்டுகின்றன. அதில் இரண்டாவது பாதி முக்கியம், விட்டுவிட்டுச் சும்மா இருந்தால் அந்தப் பலன் இல்லை. பாட்டத்தை விட்டால் நீங்கள் தோற்றவர் ஆகிவிடுவதில்லை. உங்கள் நிலைமையில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் புதிய குத்தகையை ஏற்பதில்லை. அதனால் சின்னத் தோட்டங்களின் பாட்டம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. காகிதம் இல்லாததால் பயிர் இன்சூரன்ஸ், வெள்ள வறட்சி நிவாரணம் எல்லாம் பல நேரம் நிலத்துக்காரர் பெயரோடு நின்றுவிடுகின்றன, நஷ்டம் மட்டும் உங்களோடு வருகிறது. இதை மனவலிமையால் சரிசெய்ய முடியாது. அடுத்த பாட்டத்துக்குக் கை கொடுக்கும் முன், செடி காய்ந்தால் பாட்டத் தொகையில் எவ்வளவு தள்ளுபடி என்று இரண்டு பெரியவர்கள் முன்னால் பேசி முடித்துக்கொள்ளுங்கள். புதிதாக நட்டால் இரண்டு மூன்று வருடம் காய் எதிர்பார்க்க முடியாது, அதுவரை வீட்டுச் செலவுக்கு வழி என்ன என்பதை உங்கள் கைப்பட எழுதிப் பாருங்கள். உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ கூட்டுறவு வங்கிக் கடன் இருந்தால், 2006-ன் சட்டப்படி அமைந்த கேரள விவசாயிகள் கடன் நிவாரணக் கமிஷனுக்கு மனுப் போட முடியுமா என்று கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) விசாரியுங்கள். நகைக்கடன் கம்பெனிக்காரரிடம் அது செல்லாது.

"கஷ்டம் மனிதனைப் பட்டை தீட்டும்" என்றும் சொல்வார்கள். சிலருக்கு நடக்கிறது. ஆனால் நான் வளர்ந்துவிட்டேன் என்று பிற்பாடு சொல்கிறவர்களை முன்னும் பின்னும் அளந்து பார்த்த ஆய்வுகளில், சொல்வதற்கும் உண்மையான மாற்றத்துக்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை. உங்கள் கஷ்டத்திலிருந்து நீங்கள் எதையும் கற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே போல, நடந்ததையெல்லாம் ஒருமுறை கொட்டித் தீர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது உட்கார வைத்துக் கிளறினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விபத்துக்குப் பிறகு ஆட்களை அப்படி ஒரே தடவை உட்கார வைத்துப் பேச வைப்பதால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் ஆகலாம் என்பது இருபது வருடம் முன்பே தெரிந்த விஷயம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், தாலுகா ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக் எந்தக் கிழமை என்று கேட்டுப் போய்க் காட்டுங்கள். மாத்திரை தேவைப்பட்டால் டாக்டர் சொல்வார். சரக்கு அடித்துத் தூங்குவது தூக்கம் இல்லை, விடிகாலை மூன்று மணிக்கு எழுப்பிவிடும். அதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, இருந்தாலும் மலைக்காட்டில் இருப்பவரிடம் இதைச் சொல்லாமல் விட முடியாது.

கடைசியாக நகை. சொல்லுங்கள் தம்பி. இந்த வாரத்திலேயே. ஏல நோட்டீஸ் வீட்டுக்குத்தான் வரும், அதைப் பார்த்து அவர் தெரிந்துகொள்வதும் உங்கள் வாயால் தெரிந்துகொள்வதும் ஒன்றாகாது. ராத்திரியில் சொல்லாதீர்கள், அம்மா முன்னாலும் வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அடகு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், சுற்றி வளைத்தால் அவர் அதைவிட மோசமாக எதையோ நினைத்துக்கொள்வார். அவர் அழலாம், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அது நியாயம்தான், அவர் நகை. சமாதானப்படுத்த அவசரப்படாதீர்கள். ஆனால் பேசப் போகும் முன் அடகுக்கடைக்கு ஒரு போன் போட்டு, வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்க முடியுமா, எவ்வளவு, ஏலத் தேதி என்ன என்று கேட்டு ரசீதின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழுது முடித்ததும் அவர் அதைத்தான் முதலில் கேட்பார்.